யமுனாவின் ஒரிஜினல்ஸ்

ரிடையர் ஆனவர்களுக்கு வேறு வேலை கிடையாது, யாராவது பேசக் கூப்பிட்டால் புடவையை மாற்றிக்கொண்டு ஓடி வந்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. திவ்யாவும் அப்படி நினைத்துத்தான் போன் செய்தாள். நான் கடைசி வரைக்கும் வேலை பார்த்த திருப்பதி தனியார் டிகிரி காலேஜில் அவள் இப்போது கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறாள். "மேடம், இந்த வருஷம் புது லெக்சரர்ஸ் நிறைய பேர். யாருக்கும் கேன்வாசிங்னா என்னன்னே தெரியல. நகரி, புத்தூர்ப் பக்கம் நீங்க போனா வெறும் கையோட திரும்ப மாட்டீங்களாமே. ஒரு மணி நேரம் வந்து எங்களுக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள்.

முடியாது என்றேன். ஏன் மேடம் என்றாள். அதைச் சொல்லவே ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். வைத்துவிட்டு சும்மா உட்கார்ந்தேனா என்றால் அதுவும் இல்லை. அடுப்பங்கரைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன், குக்கர் விசிலை எண்ண மறந்து பருப்பு குழைந்துபோனது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் இல்லாதவர்களுக்குக் கேன்வாசிங் என்றால் தேர்தல் ஞாபகம் வரும். எங்களுடையதும் ஏறக்குறைய அதுதான். ஆந்திராவில் பிளஸ் டூவுக்கு இன்டர் என்று பெயர். இன்டர் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளுக்கு லீவு விடுவார்கள், எங்களுக்கு விட மாட்டார்கள். ஒவ்வொரு லெக்சரருக்கும் ஒரு மண்டலம் ஒதுக்குவார்கள். சித்திரை வெயிலில் கைப்பை, தண்ணீர் பாட்டில், காலேஜ் நோட்டீஸ் இவற்றோடு ஊர் ஊராகப் போய், இன்டர் முடித்த பிள்ளை இருக்கிற வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். பிள்ளை சேர்ந்தால்தான் செக்ஷன். செக்ஷன் இருந்தால்தான் எங்களுக்குச் சம்பளம். வகுப்பில் நீ எப்படிப் பாடம் எடுத்தாய் என்று என்னை யாரும் கேட்டதில்லை, எத்தனை அட்மிஷன் கொண்டுவந்தாய் என்று கேட்காத வருஷம் இல்லை.

இப்போது எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டது. ஒரே மெயின் சப்ஜெக்ட் எடுக்க வேண்டும் என்று டிகிரிப் படிப்பையே மாற்றிவிட்டார்கள். பிள்ளைகள் தங்கள் போனிலேயே காலேஜைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனாலும் கதவைத் தட்டுவது நிற்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வந்தோம், இந்தக் காலத்தில் பிள்ளையின் ஓடிபியை வாங்கி வருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் புத்தூரில் பிறந்தவள். என் நைனா பஸ் கண்டக்டர். நான் இன்டர் முடித்தபோது சித்தூரில் டீச்சர் டிரெயினிங் சீட் வந்தது. அதில் சேர்ந்திருந்தால் அரசு வேலை நிச்சயம். நான் பாட்டனிதான் படிப்பேன் என்று பிடிவாதம் பிடித்து திருப்பதிக்கு வந்தேன். "பூவப் பாத்துக்கினு இருக்கறதுக்கு எவன் சம்பளம் குடுப்பான்?" என்று நைனா கேட்டார். அரசு காலேஜ் வேலைக்கு எழுதி எழுதிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பிறகு தனியார் காலேஜ், அங்கேயே தலை நரைத்தது. டீச்சர் டிரெயினிங்கில் என்னுடைய சீட்டை எடுத்துக்கொண்ட லலிதா இப்போது பென்ஷன் வாங்குகிறாள், மாடி வீடு கட்டியிருக்கிறாள். எனக்கு ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது.

எங்கள் பிரின்சிபால் சுதாகர் சார் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தெலுங்குக்காரர், பழைய கணக்கு லெக்சரர். மேஜைமேல் எப்போதும் சாத்துக்குடி இருக்கும். பேசும்போது அதை நகத்தால் நிதானமாக உரித்துக்கொண்டே இருப்பார். திட்ட வேண்டியவர்களையும் உட்காரவைத்து ஒரு சுளையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் திட்டுவார். சுளையை வாயில் போட்டுக்கொண்டு எதிர்த்துப் பேச முடியுமா? நாங்கள் மென்றுகொண்டே தலையாட்டுவோம்.

கேன்வாசிங்குக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வீட்டுக்குள் போனதும் முதலில் பிள்ளையின் அம்மாவிடம் பேச வேண்டும். அப்பா உட்காரும் வரை நாற்காலியில் உட்காரக் கூடாது. காலேஜ் பெயரை நாமாகச் சொல்லக் கூடாது, அவர்களே எந்தக் காலேஜ் என்று கேட்க வேண்டும். மார்க் குறைவாக இருந்தாலும் முகம் மாறக் கூடாது. பேச்சு ஒத்துவந்ததும், சரிபார்த்துத் தருகிறோம் என்று மார்க் மெமோ, டி.சி. எல்லாவற்றையும் ஒரிஜினலாக வாங்கிவிட வேண்டும். ஒரிஜினல்ஸ் நம்மிடம் இருந்தால் பிள்ளை வேறு காலேஜுக்குப் போக முடியாது. இதில்தான் சார் மிகவும் கவனமாக இருப்பார். "வாங்கிப் பைக்குள் வைத்த உடனே எழுந்திருக்காதீர்கள் மேடம்காரு. பறித்துக்கொண்டு போன மாதிரி இருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பஸ் வசதி பற்றிப் பேசுங்கள்" என்று தெலுங்கில் அவ்வளவு மென்மையாகச் சொல்வார்.

தமிழ் பேசும் ஊர்கள் எல்லாம் என் தலையில்தான் விழும். கார்வேட்டிநகரம் ஒரு வருஷம், சத்தியவேடு ஒரு வருஷம், நகரி மட்டும் எல்லா வருஷமும். நகரியில் ஒரு சங்கடம் உண்டு. தெரு முழுக்க பவர்லூம். தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது, தறியை நிறுத்திவிட்டுப் பேச யாருக்கும் மனசு வராது. அதனால் கரண்ட் போகிற நேரம்தான் எங்கள் நேரம். லைன்மேனுக்குப் போன் போட்டு இன்றைக்கு எந்தத் தெருவில் எப்போது கட் என்று கேட்டுக்கொண்டு கிளம்புவேன். உலகத்திலேயே கரண்ட் எப்போது போகும் என்று ஆசையாகக் காத்திருந்த ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

அப்படி ஒரு மத்தியானம்தான் பெருமாள் வீட்டுக்குப் போனேன். அவர் வேறொருவர் ஷெட்டில் தறி ஓட்டுகிறவர். ஷெட்டை ஒட்டினாற்போல் வீடு. தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்து உட்கார்ந்தார். மூத்த மகள் யமுனா இன்டரில் பயாலஜி குரூப், நல்ல மார்க். டாக்டர் பரீட்சைக்குக் கோச்சிங் அனுப்ப வழி இல்லாததால் அந்தப் பேச்சே அந்த வீட்டில் இல்லை.

"மேடம், எனக்குப் படிப்பு கிடிப்பு ஒண்ணும் தெரியாது. நீங்க நம்ம பக்கத்து மன்சி, தமிழ்ல பேசறீங்க. இத எதுல சேத்தா மாசம் பொறந்தா சம்பளம் வரும்? அத மட்டும் சொல்லுங்க" என்றார் பெருமாள்.

"பி.காம் கம்ப்யூட்டர்ஸ்" என்றேன். சார் அந்த வருஷம் அதற்குத்தான் ஆள் பிடிக்கச் சொல்லியிருந்தார். ஆனாலும் நான் சொன்னது பொய் இல்லை. எங்களிடம் அதைப் படித்த பிள்ளைகள் ஸ்ரீசிட்டி கம்பெனிகளிலும் திருப்பதிக் கடைகளிலும் கணக்கு எழுதி நன்றாகத்தான் இருந்தார்கள்.

கதவோரம் நின்றிருந்த யமுனா, "நான் பாட்டனிதான் படிப்பேன்" என்றாள்.

"இன்னாது அது?"

"செடி கொடி படிப்பு" என்றார் அவள் அம்மா.

"அத வெச்சிக்கினு இன்னா பண்ணுவ? கீரக்கட்டு விப்பியா?"

அம்மா சிரித்துவிட்டார். யமுனா சிரிக்கவில்லை. "மேடம், வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்று என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு சாக்கடை. நூலுக்குச் சாயம் போடுகிற இடத்திலிருந்து வரும் தண்ணீர் அதில்தான் ஓடுகிறது. அன்றைக்கு நீலமாக ஓடியது. கரையில் ஒரு புல்கூட இல்லை. ஓரிடத்தில் மட்டும் கோரை கொத்தாக, நல்ல பச்சையாக நின்றது.

"ஒரு வாரம் செவப்புத் தண்ணி, ஒரு வாரம் நீலம். எல்லாம் செத்துப்போச்சு. இது மட்டும் எப்படி மேடம் உயிரோட கீது?"

நான் அதன் பெயரைச் சொன்னேன்.

"பேர் எனக்குத் தெரியும். எப்படினு கேக்கறேன்."

எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் முகம் மலர்ந்துபோனது. "அப்ப இன்னும் ஆரும் கண்டுபுடிக்கலயா?" என்றாள். கண்டுபிடித்திருப்பார்கள், எனக்குத்தான் தெரியாது என்றேன். அவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. எங்கே போய் முடியும் என்று எனக்குத்தானே தெரியும்? குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்: "இந்தா பாரு, இதெல்லாம் நீ டிகிரி இல்லாமலே பாக்கலாம். டிகிரிக்கு பி.காம் எடுத்துக்கோ. நானும் ஆசப்பட்டு பாட்டனிதான் படிச்சேன். இப்ப பாரு, இந்த வெயில்ல வீடு வீடா சுத்திக்கினு கீறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "படிச்சதால கெட்டுப் போய்ட்டீங்களா மேடம்?" என்றாள்.

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். ஆமாம் என்று சொல்லவா, இல்லை என்று சொல்லவா என்று எனக்கே தெரியாத நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. தெரு முழுக்கத் தறிகள் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தன. அவள் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. நான் சொல்லியிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. கரண்ட் வந்ததே என்று அன்றைக்கு நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்குள் வந்தபோது பெருமாள் ஷெட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். ஷெட் வாசலில் நின்றபடியே கையைக் காட்டினார், குடுத்துடு என்று. அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். யமுனாவின் ஒரிஜினல்ஸ் எல்லாம் அதில் இருந்தன. பைக்குள் வைத்த உடனே எழுந்துவிட்டேன். பஸ் வசதி பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

பிறகு சேர்க்கை முடிகிற சமயம். எங்கள் காலேஜில் பாட்டனி இருக்கிற பி.எஸ்ஸி. குரூப்புக்கு ஆள் போதவில்லை. இன்னும் ஒருத்தி சேர்ந்தால் இந்த வருஷம் செக்ஷனை ஓட்டிவிடலாம், இல்லாவிட்டால் மூடத்தான் வேண்டும் என்று சார் என்னிடம் சொல்லியிருந்தார். மூடினால் நான் என்ன ஆவேன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்போதுதான் யமுனா தனியாகப் பஸ் ஏறி வந்து நின்றாள். சித்தூரில் அரசு காலேஜில் பாட்டனி குரூப்பில் அவளுக்குச் சீட் கிடைத்திருந்தது. அம்மாவும் அவளும் நைனாவுக்குத் தெரியாமல் ஜெராக்ஸ் காப்பியை வைத்து அப்ளை செய்திருக்கிறார்கள். அன்றைக்குச் சாயந்திரத்துக்குள் ஒரிஜினல்ஸ் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் சீட் அடுத்தவருக்குப் போய்விடும். "என் ஒரிஜினல்ஸ் குடுங்க மேடம்" என்றாள். உதடு காய்ந்துபோயிருந்தது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

யாராவது பிள்ளை ஒரிஜினல்ஸ் கேட்டு வந்தால் கிளார்க் உடனே வீட்டுக்குப் போன் போட்டுவிட வேண்டும், அது எங்கள் காலேஜ் வழக்கம். அவர் போட்டுவிட்டார். அடுத்த நிமிஷம் பெருமாள் என்னை அழைத்தார். "மேடம், குட்த்துடாதீங்க. நான் நாளைக்கி காத்தால வரேன். வந்து பேசிக்கலாம்."

"நாளைக்குன்னா அந்த சீட் போயிடும் பெருமாளு."

"போவட்டும். போறதுக்குத்தான் சொல்றேன்."

சார் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். யமுனாவை உட்காரச் சொல்லி ஒரு சுளையைக் கொடுத்தார். அவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். விஷயம் முழுக்கக் கேட்டுவிட்டு, சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது மேடம்காரு? இந்தப் பெண்ணுக்குப் பாட்டனி வேண்டும். நம்மிடமே பாட்டனி இருக்கிறது. பி.காமிலிருந்து உங்கள் செக்ஷனுக்கு மாற்றிவிடுகிறேன். இவள் ஆசைப்பட்டதைப் படிப்பாள். அப்பா சேர்த்த காலேஜிலேயே இருப்பாள். உங்கள் செக்ஷனும் நிற்கும்."

எவ்வளவு அழகான யோசனை. எனக்கு ஒரு நிமிஷம் மூச்சே சீரானது. யமுனாவும் யோசித்தாள். சித்தூர் தூரம், ஹாஸ்டலில் தங்க வேண்டும், நைனா கோபம் வேறு. "இங்கயே பாட்டனி இருந்தா சரி மேடம். நைனாவ நான் எப்படியாவது ஒத்துக்க வெக்கறேன். நீங்க சொல்லுங்க, இங்க சேந்துடட்டுமா?" என்று என்னிடம் கேட்டாள்.

எங்கள் பாட்டனி லேப் என்று ஒன்று இருந்தது. அதன் சாவி கிளார்க்கிடம் இருக்கும். உள்ளே பழைய விடைத்தாள் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருக்கும். மைக்ராஸ்கோப்பை நான் தொட்டே பல நாள் ஆகியிருந்தது. வெளியே கூட்டிப்போய்ச் செடி காட்டலாம் என்றால் பஸ்ஸுக்கு அனுமதி கிடையாது. பிள்ளைகள் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து வரைந்துகொண்டு வருவார்கள், நான் கையெழுத்துப் போடுவேன். சாயத் தண்ணீரில் கோரை எப்படி உயிரோடு இருக்கிறது என்று கேட்கிறவள் அங்கே மூன்று வருஷம் உட்கார்ந்தால் என்ன ஆவாள்? அந்தக் கேள்வியையே விட்டுவிடுவாள். பாட்டனி படிக்காதே என்று நான் அவளிடம் சொன்னது வேறு விஷயம், அதை நான் இன்றும் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் படித்தே தீருவேன் என்கிறவளுக்கு இதைக் கொடுத்து, இதுதான் பாட்டனி என்று சொல்ல என்னால் முடியவில்லை. அதுவும் என் சம்பளத்துக்காக.

"சார், அவ ஒரிஜினல்ஸ குடுத்துடுங்க" என்றேன்.

சார் கையைத் துடைத்துக்கொண்டார். "உங்கள் செக்ஷன், மேடம்காரு."

"தெரியும் சார்."

"அவள் அப்பா கொடுக்க வேண்டாம் என்கிறார்."

"அது என் பொறுப்பு சார். நான் கொண்டுவந்த அட்மிஷன்."

சார் மணியை அடித்து பீரோவைத் திறக்கச் சொன்னார். அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருக்கு மேலே காலேஜ் முதலாளி இருந்தார், அவரிடம் இவர் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பேப்பராக அவரே சரிபார்த்து, அடுக்கி, இரண்டு கைகளாலும் யமுனாவிடம் கொடுத்தார். நன்றாகப் படிம்மா என்று தெலுங்கில் சொன்னார்.

கேட் வரைக்கும் கூடப் போனேன். நன்றி, கின்றி எதுவும் அவள் சொல்லவில்லை. சித்தூர் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்டாள். காட்டினேன். ஓடினாள்.

மறுநாள் காலையில் பெருமாள் வந்தார். ஸ்டாஃப் ரூம் வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. டீ வாங்கி வரச் சொன்னேன், வேண்டாம் என்றார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்கள நம்பி உங்க கையில குட்த்தேன் மேடம்."

"அவ பேப்பர்தானே பெருமாளு."

"அவ பேப்பருதான். எனக்குத் தெரியாதா? ஆனா அன்னிக்கி எங்க வூட்டாண்ட வந்து, அந்தப் படிப்பு வாணாம், நான் படிச்சிட்டு வெயில்ல சுத்திக்கினு கீறேன்னு நீங்கதான அவளாண்ட சொன்னீங்க? அவளே எங்களாண்ட சொன்னா. நேத்து நீங்களே அந்தப் படிப்புக்கு அனுப்பி வெச்சிட்டீங்க. எது நெசம்? அன்னிக்கி சொன்னதா, நேத்து பண்ணதா?"

"ரெண்டும் நெசம்தான்" என்றேன்.

நான் அதை மழுப்பலுக்காகச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு அது படித்தவர்கள் பேசுகிற பேச்சாகத்தான் பட்டிருக்கும். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு நான் ஒரு வகுப்பும் எடுக்கவில்லை.

செக்ஷனை மூடினார்கள். எல்லா குரூப்புக்கும் பொதுவாக இருக்கிற சுற்றுச்சூழல் பாடத்தை என்னிடம் கொடுத்தார்கள். வகுப்பில் பிள்ளைகள் அதைத் தூங்குவதற்கான நேரமாக வைத்திருந்தார்கள். சம்பளத்தையும் குறைத்தார்கள். கேன்வாசிங் மட்டும் குறையவில்லை. நகரிக்கு வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சாரிடம் கேட்டேன். காரணம் கேட்காமல் சத்தியவேட்டுக்கு மாற்றிவிட்டார். ரிடையர் ஆகிற வரை அங்கேதான் அலைந்தேன். பாட்டனி என்ற வார்த்தையை அதற்குப் பிறகு நான் வகுப்பறையில் உச்சரிக்க வாய்ப்பே வரவில்லை. அந்த வலி இன்னும் போகவில்லை.

யமுனா சித்தூரில் பி.எஸ்ஸி. முடித்தாள். திருப்பதிக்கு வந்து எம்.எஸ்ஸி.யும் முடித்தாள். இப்போது சேஷாசலம் மலையில் மரங்களைக் கணக்கெடுக்கிற ஒரு திட்டத்தில் இருக்கிறாள். காண்ட்ராக்ட் வேலை. வருஷா வருஷம் புதுப்பித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதே தெருவில் அவளோடு படித்த பவானி எங்கள் காலேஜில் பி.காம் முடித்து ஸ்ரீசிட்டி கம்பெனியில் இருக்கிறாள். வீட்டு வாசலுக்கே வேன் வருகிறது, பி.எஃப். உண்டு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால் பெருமாள் சொல்லித்தான்.

ஆமாம், அவர் எனக்குப் போன் செய்கிறார். பல வருஷம் ஒரு பேச்சும் இல்லை. யமுனா மலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் தொடங்கியது. காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. அவள் போன் கிடைக்காவிட்டால் உடனே எனக்கு அடிப்பார். "உங்க பொண்ணு போன் போவல" என்பார். என் பொண்ணாம். கோபத்தில்தான் அப்படிச் சொல்கிறார் என்று தெரிந்தும், அதைக் கேட்கிறபோது எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்யும். மலையில் சிறுத்தை இருக்கிறதே என்று அவர் கேட்பார். இருக்கிறது, ஆனால் கும்பலாகத்தான் போவார்கள் என்பேன். பிறகு பவானியின் வேன் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

காண்ட்ராக்ட் முடிகிற மாசம் வந்தால் எனக்கு உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளாது, நின்றால் நிலைகொள்ளாது. யமுனாவுக்குப் போன் செய்து புதுப்பித்தார்களா என்று கேட்பேன். "வரும் மேடம். வரலன்னா பாத்துக்கலாம்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்கு ஆத்திரமாக வரும். அவளுக்கு என்ன, சிரித்துவிட்டு மலை ஏறிவிடுவாள். இங்கே நகரியில் ஒருவர், திருப்பதியில் ஒருத்தி என்று நாங்கள் இரண்டு பேர் தவித்துக்கொண்டிருக்கிறோம்.

திவ்யாவுக்கு நான் போய் என்ன சொல்லிக் கொடுப்பது? அம்மாவிடம் முதலில் பேசு, நாற்காலியில் உட்காராதே என்று எல்லாம் சொல்லலாம். அதைக் கேட்டுவிட்டு ஒரு புதுப் பெண் கையைத் தூக்கி, "மேடம், பிடித்ததைப் படிக்கச் சொல்வதா, சோறு போடுவதைப் படிக்கச் சொல்வதா?" என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? கேட்கத்தானே போகிறார்கள். அந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொரு வீட்டிலும் நம் முன்னால் வைக்கிறார்கள். என்னிடம் பதில் இருந்திருந்தால் போயிருப்பேன்.

போன வாரம் காலையில், நான் வாசலில் கோலத்தை முடித்துக்கொண்டு உள்ளே வரும்போது பெருமாள் அழைத்தார். அவர் அவ்வளவு காலையில் கூப்பிட்டதே இல்லை.

"இன்னா ஆச்சு பெருமாளு? யமுனா போன் போவலயா?"

"போவுது, போவுது. நேத்துதான் பேசிச்சு. அதுக்கில்ல. ஒரு மரம் போட்டோ அனுப்பிக்கீது. உங்களுக்கும் போட்டுக்கீறேன், பாருங்க. இந்த மலப்பக்கம் வுட்டா ஒலகத்துல வேற எங்கயும் இல்லயாமே?"

பார்த்தேன். பாறை இடுக்கில் தோல் உரிந்து நிற்கிற மரம். பக்கத்தில் தொப்பி போட்டுக்கொண்டு யமுனா நிற்கிறாள், முகமெல்லாம் வெயில். மரம் எனக்குத் தெரிந்த மரம்தான். படிக்கிற காலத்தில் நானும் அதைத் தேடி ஏறியிருக்கிறேன்.

"ஆமா, நெசம்தான்" என்றேன்.

"பேர் சொல்லிச்சு. எனக்கு வாயில நொழயல. திருப்பிக் கேட்டா சிரிக்குது. நீங்க சொல்லுங்க."

"மலச் சாம்பிராணி, தெலுங்குல கொண்ட சாம்பிராணினு சொல்லுங்க, போதும். எல்லாருக்கும் புரியும்."

"அது ஆருக்கு வேணும் மேடம்? அத நானே சொல்லிடுவேன். அது சொல்லிச்சே, அந்தப் பேரு வேணும். ஷெட்டுல அல்லாரும் கேக்கறாங்க, உன் பொண்ணு மலயில இன்னாதான்யா வேல செய்துன்னு."

பிரித்துப் பிரித்துச் சொன்னேன். பாஸ்வெல்லியா. ஓவாலி. ஃபோலியோ. லேட்டா. அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார், தடுக்கினார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் சிரிக்கவில்லை. கடைசியில் முழுப் பெயரையும் தப்பில்லாமல் சொல்லிவிட்டார்.

"மேடம்."

"சொல்லுங்க."

"அடுத்த மாசம் காண்ட்ராக்டு முடியுது. என் கோவம் இன்னும் போவல. அதயும் தெரிஞ்சிக்கோங்க."

"தெரியும் பெருமாளு."

"ம். சரி, அந்தப் பேர இன்னொரு தபா சொல்லுங்க. ஷெட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துடும்."

சொன்னேன்.